வாழை இலை தேடினால் வீட்டுமனை

வாழை இலை என்று தேடினேன்; வீட்டுமனை வந்தது. கை தவறி எதையோ அழுத்திவிட்டேன் என்று நினைத்து மறுபடி தேடினேன். சென்னைக்கு மிக அருகில், மலை தெரியும் தூரத்தில், இனிப்பான தண்ணீருடன் இன்னொரு வீட்டுமனை வந்தது. மூன்றாவது முறை நுனி இலை என்று குறிப்பாகக் கேட்டேன். மூலை மனை வந்தது.

அன்று தை அமாவாசை. சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"இலை கெடச்சுதாங்க?"

"முப்பதடி ரோடு கெடச்சுது."

"அதுல ரசம் ஊத்துனா நிக்குமான்னு பாருங்க."

எதில் தேடினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருத்தணியில் மலைக்குக் கீழே எங்கள் பக்கத்தில் நூற்றுச் சொச்சம் வீடுகளிலும் கடைகளிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. எல்லோரும் அதைப் பொட்டி என்பார்கள். இலைக்கட்டு விற்பவர் தன் பொட்டியில் இலை உண்டு என்று எழுதி வைப்பார். ஆட்டோக்காரர் ஆட்டோ உண்டு என்பார். யாராவது கைப்பேசியில் இலை வேண்டும் என்று கேட்டால், கேள்வி பக்கத்துப் பொட்டிக்குப் போகும், அது அடுத்ததைக் கேட்கும், அடுத்தது அதற்கடுத்ததை. எவரிடம் இருக்கிறதோ அவருடைய பொட்டி பதில் அனுப்பும். பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்துக்கு வெளியேயும் கடைகளில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்; வெளியூர் பக்தர்கள் அதைப் படம் பிடித்தால் அவர்களும் கேட்கலாம். நடுவில் பெரிய இயந்திரம் கிடையாது. முதலாளி கிடையாது. எவர் பெயர் முதலில் வரவேண்டும் என்று எங்கோ உட்கார்ந்து முடிவு செய்யும் ஆள் கிடையாது.

இதைக் கட்டியவர் என் நண்பர். அரக்கோணத்தில் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில் வீடு. பெரிய கம்பெனிகளின் தேடலில் திருத்தணியில் ரூம் என்று கேட்டால், திருத்தணியைக் கண்ணால் பார்த்திராத தரகர்கள்தான் முதல் பத்து இடத்தில் நிற்கிறார்கள் என்று அவருக்கு ஆத்திரம். ஓய்வு பெற்றவனின் ஆத்திரம் சாதாரணமாக நாளிதழுக்குக் கடிதம் எழுதுவதோடு முடியும். இவர் பொட்டி செய்தார்.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பல ஊர்களில் உட்கார்ந்து, நிலம் கைமாறுவதைப் பார்த்தவன். ஒரு தாள் என் முன்னால் வந்தால், அது என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது வழக்கம். நண்பர் முதன்முதலில் பொட்டியை விளக்கியபோது நான் கேட்டது ஒரே கேள்வி.

"மேல்முறையீடு யார்கிட்ட?"

"யாரும் கெடையாதுய்யா. அதான் விசேஷமே."

"தப்பு நடந்தா?"

"நீ சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்லயே நின்னுகினு ரசீது கேப்ப."

தப்பு நடந்தது. அமாவாசைக்கு மறுநாள் அவர் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் கூடினோம். இட்லி மாவு தேடியவருக்கும் மனை. மூட்டு வைத்தியர் தேடியவருக்கும் மனை. சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அடுத்தவர் சொல்லும்போதுதான். நண்பர் விளக்கினார். யாரோ ஒரே ஒரு கணினியை இணைத்து, அதை இருநூறு பொட்டிகள் போல நடிக்க வைத்திருக்கிறான். எந்தக் கேள்வி வந்தாலும் அந்த இருநூறும் என்னிடம் இருக்கிறது என்று கை தூக்குகின்றன. நிஜமாக இலை வைத்திருப்பவர் இருநூற்றோராவது ஆளாகக் கடைசியில் நிற்கிறார்.

மற்றவர்களுக்கு இது புதிது. எனக்கு இல்லை. ஒரே ஆள் இருநூறு பெயரில் வந்து நிற்பதற்கு எங்கள் துறையில் பினாமி என்று பெயர்.

"அவன அழிச்சுட வேண்டிதானே," என்றார் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்.

"எங்கேர்ந்து அழிக்கறது? அவன் பொட்டி அவன் வூட்ல கீது. நம்ம பொட்டி காத மூடிக்கலாம், அவ்ளோதான்," என்றார் நண்பர்.

கதவோரம் நின்றிருந்த ஒரு பெண்மணி அப்போது கேட்டாள். திருக்குளத்துக்குப் பின்சந்தில் மெஸ் நடத்துபவள். மாடியில் நான்கு அறைகளைப் பக்தர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள்.

"யாருக்கு மூடறது, யாருக்கு தொறக்கறதுன்னு பொட்டிக்கு எப்படிங்க தெரியும்?"

கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது என்று நினைத்தேன். பத்திரம் பதியும்போது இரண்டு பேர் வந்து, இவரை எங்களுக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போடுவார்கள். அதையே இங்கும் வைக்கலாம். புதிய பொட்டி எதுவானாலும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் இருவர் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றப் பொட்டிகள் காதை மூடிக்கொள்ளும். யாருக்குச் சாட்சி சொன்னீர்களோ அவர் போலி என்று தெரிந்தால், உங்கள் சொல்லின் மதிப்பும் அவரோடு சேர்ந்து சரியும். அன்றே ஏழு சரத்துகளாக எழுதிக் கொடுத்தேன். கடைசியாகச் சொன்ன தண்டனை ஆறாவது சரத்து. அதை எழுதும்போது ஒரு திருப்தி இருந்தது. யாருக்கோ குழி வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டுகிற திருப்தி.

நண்பர் அதைப் பொட்டிக்குப் புரிகிற மொழியில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். "உன் ஏழு சரத்த இருபது வரில முடிச்சுட்டேன்," என்றார்.

"மீதி?"

"மீதியெல்லாம் மேற்படிதான்யா."

ஒரு மாதம் போல வாழை இலை கேட்டால் வாழை இலை வந்தது. பிறகு மாசியில் ஒரு நாள் காலை உளுந்து கேட்டேன், மனை வந்தது. யார் சாட்சி சொல்லி உள்ளே விட்டது என்று பார்த்தேன். டீக்கடைக்காரர். ஒரே வாரத்தில் நாற்பத்தேழு பேருக்குச் சாட்சி சொல்லியிருந்தார். இரண்டாவது சாட்சி, முன்னால் உள்ளே வந்த போலிகளே. கடைக்குப் போனேன்.

"இத்தன பேர உங்களுக்குத் தெரியுமா?"

"டீ குடிக்க வந்தாங்க சார்."

"அதுக்கு சாட்சி போட்டுடறதா?"

"கேட்டாங்க. மூஞ்சிக்கி நேரா எப்படி சார் இல்லேன்றது? ஒரு அழுத்து அழுத்தறதுதானே." கிளாசை நீட்டினார். "ஆங், சக்கர கம்மிதானே உங்களுக்கு?"

இதுதான் எங்கள் ஊர். இங்கே சாட்சிக் கையெழுத்து என்பது கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதுவது மாதிரி. மாட்டேன் என்றால் உறவு முறியும். பதிவு அலுவலகங்களின் வாசலில் வேலை வெட்டி இல்லாமல் நின்று, யார் கூப்பிட்டாலும் உள்ளே வந்து சாட்சி போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களை என்னால் விரட்ட முடிந்தது. என்னிடம் மேசை இருந்தது. டீக்கடைக்காரரிடம் எனக்கு என்ன அதிகாரம்? சர்க்கரை குறைவாகக் கேட்கும் அதிகாரம்தான்.

அதனால் நான் ஒன்று செய்தேன். யாருக்கு நான் சாட்சி சொல்கிறேனோ அவர்களுடைய தாள்களை முழுக்கச் சரிபார்த்த பிறகே சொல்வேன் என்று எல்லோருக்கும் தெரிவித்தேன். மின்கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, ஆதார், கடைக்கு உரிமம். ஊர் இதை வரவேற்றது. வரவேற்ற விதம்தான் வினை. ஒவ்வொருவரும் தங்கள் பொட்டியில் ஓர் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டார்கள்: சார் யாருக்குச் சாட்சி சொன்னாரோ அவர்களையும், அவர்கள் சாட்சியில் வந்தவர்களையும் மட்டும் கேள், மற்றவர்களைக் கேட்காதே. யோசிக்கும் வேலை மிச்சம். பங்குனிக்குள் என் வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின.

"தலமை ஆபீசே இல்லேன்னு பொட்டி பண்ணேன். நீ வூட்டு வாசல்ல போர்டு மாட்டாத கொறதான்," என்றார் நண்பர்.

"போர்டு எல்லாம் வேணாம். வேலை நேரம் மட்டும் எழுதி ஒட்டலாம்னு இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மெஸ் நடத்தும் பெண்மணி சித்திரையில் முதல் முறை வந்தாள். மஞ்சள் பையில் தாள்கள். மின்கட்டண ரசீது மாமனார் பெயரில். வீட்டு வரி அவள் கணவரின் அண்ணன் பெயரில். அவள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்கள், அவரைப் பாவா என்பாள். ஆதாரில் கே.ஜி.கண்டிகையில் அவள் பிறந்த வீட்டு முகவரி. அவள் கணவர் இறந்து சில வருடம் ஆகிறது. எந்தத் தாளும் எந்தத் தாளோடும் பேசவில்லை. போதாததற்கு அவள் பொட்டியில் ரூம், சாப்பாடு, இட்லி மாவு, மொட்டை அடித்தவர்கள் குளிக்க வெந்நீர், பால்குடம் வைக்க இடம் என்று ஐந்தாறு பதிவுகள். எல்லாக் கேள்விக்கும் கை தூக்குகிறவர்கள் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகக் கண்.

"மாமனார் வந்து கையெழுத்துப் போட முடியுமாம்மா?"

"அவர் செத்து பத்து வருசம் ஆவுது சார். கரண்டு பில்லுல மட்டும் உசுரோட கீறார்."

"பேர் மாத்தணும்."

"மாத்த பாவா கையெழுத்து வேணும். பாவா போட மாட்டேன்றார்." பையை மடித்தாள். "நா ரூம் விட்டுகினு இருக்கறது ஊருக்கே தெரியும் சார்."

"ஊருக்குத் தெரியும்மா. தாளுக்குத் தெரியல."

மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் என் பதில் மாறவில்லை. ஆனியில் வந்தபோது சொற்கள்கூட மாறவில்லை என்று பின்னால் நினைவு வந்தது. அந்தக் கடைசி முறை அவள் உட்காரவில்லை.

"எல்லாரும் இப்போ அந்த ஸ்டிக்கர பாத்துதான் ரூம் தேடறாங்க சார். என் பொட்டி பேசறது யாருக்கும் கேக்கல. இந்த ஆடிக்கும் ரூம் காலியா கெடந்தா, சாவிய குடுத்துட்டு கண்டிகைக்கே போயிடுன்றார் பாவா. வேற ஆளுக்கு வுடப் போறாராம்."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"ஆங்," என்றாள். அந்த ஆங்குக்கு ஒப்புதல் என்று பொருள் இல்லை.

அதே ஆனியில் இன்னொருவர் வந்திருந்தார். சலவைச் சட்டை, கையில் கோப்பு. கோப்பில் பக்க எண் இருந்தது. முதல் பக்கத்தில் உள்ளடக்கம் இருந்தது. நகல்கள் ஒவ்வொன்றிலும் சான்றொப்பம், அசல்கள் தனி உறையில். மூன்று மாடி விடுதி, பக்தர்களுக்கு. முப்பது வருட வில்லங்கச் சான்று, நான் கேட்காமலே. ஓய்வு பெற்ற பின் அப்படி ஒரு கோப்பை நான் தொடவில்லை. புரட்டப் புரட்ட முதுகு நிமிர்ந்தது.

"ஐயா பாத்தா போதும்னு எல்லாரும் சொன்னாங்க. மெதுவா பாருங்க ஐயா. அவசரமில்ல," என்றார்.

அவசரமில்லை என்று சொல்லும் மனுதாரரை என் பணிக்காலம் முழுவதும் நான் கண்டதில்லை. அங்கேயே நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். நேர்மையானவர்களின் தாள்களில் எண்ணெய்க் கறை இருக்கும், ஒரு பெயர் விட்டுப் போயிருக்கும், ஒரு பக்கத்தைக் கரையான் தின்றிருக்கும். ஏனென்றால் அவர்கள் தாள்களுக்காக வாழவில்லை. குறையே இல்லாத கோப்பு, காட்டுவதற்கென்றே பிறந்த கோப்பு. இதைப் புதிதாகச் சேர்ந்த எழுத்தர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று சாட்சி சொன்னேன். இரண்டாவது சாட்சி யார் என்று பார்த்தேன்: டீக்கடைக்காரர், ஏற்கெனவே சொல்லின் மதிப்பு சரிந்தவர். வழக்கமாகச் சந்தேகப்பட்டிருப்பேன். நான் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று நினைத்தேன்.

அந்த விடுதிக்காரர் மெதுவாக மேலும் சிலருக்குச் சாட்சி சொன்னார். அவர்கள் வேறு சிலருக்கு. ஒரு பூக்கடை, ஒரு வேன் சர்வீஸ், இரண்டு தங்குமிடம். எல்லோருக்கும் வேர் என் சாட்சி. எல்லோரும் நாலைந்து வாரம் வாய் திறக்காமல் இருந்தார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, மெஸ் நடத்தும் பெண்மணி என் வாசலில் வந்து நின்றாள். இந்த முறை மஞ்சள் பை இல்லை. கூடச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். புருஷன், மனைவி, இரண்டு குழந்தைகள், நான்கு பேருக்கும் மொட்டை, மேலே காய்ந்து வெடித்த சந்தனம்.

"இவங்க வருசா வருசம் நம்ம கிட்ட தங்கறவங்க சார். நேத்து எங்க தங்குனாங்கன்னு அவங்களையே கேளுங்க."

அந்த மனிதர் சொன்னார். ரூம் காலி உண்டா என்று கேட்க, பஸ் ஸ்டாண்டில் ஸ்டிக்கரைப் படம் பிடித்து மெஸ் பெயரைத் தேடியிருக்கிறார். அது வரவே இல்லை. ரூம் இலவசம் என்று ஒரு விடுதி முதலில் வந்தது. இரண்டாவதும் அதுவே, வேறு பெயரில். மூன்றாவதும் அதுவே.

"போன் பண்ணா வேன் வந்துச்சு சார். மொதல்ல ஒரு எடம் காட்றோம், அப்பறம் ரூமுன்னாங்க. ஆந்திரா பார்டராண்ட ஒரு பொட்டக்காட்டுல எறக்கி வுட்டு, கார்னர் வேணுமா, நடுவுல வேணுமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மொட்டையடிச்ச தலைக்கு நெழல் இருந்தா கார்னரே குடுங்கன்னேன்."

குழந்தைகளில் ஒன்று சிரித்தது. அவர்களைப் போலவே அன்று மூன்று வேன் நிறையப் பேர் நின்றிருக்கிறார்கள். மனை வாங்காதவர்களைச் சாலையில் விட்டுவிட்டு வேன் போய்விட்டது. ரூம் என்று ஒன்றை யாருமே பார்க்கவில்லை.

"எல்லாம் சரியா இருந்துதே," என்றேன். ஆனியில் வந்த விடுதிக்காரரின் கோப்பைத்தான் சொன்னேன்.

அந்தப் பெண்மணி குறுக்கிட்டாள். "அந்த விடுதி மாடிய பாத்தீங்களா சார்?"

"மாடியில என்ன?"

"வாங்க. எங்க மாடியிலேர்ந்து தெரியும்."

ஆட்டோவில் போனோம். அவள் வீட்டு மாடிப்படி செங்குத்து. என் முழங்கால்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. நடுவில் இரண்டு முறை நின்றேன். மேலே போய்ச் சுற்றிப் பார்த்தேன். ஆடி மாதத்தில் திருத்தணியில் விடுதி என்பது மாடியில்தான் தெரியும். குளத்தில் மூழ்கி எழுந்தவர்களின் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையும் கயிறு கயிறாகக் காயும். அன்றும் அப்படித்தான், கண்ணுக்கு எட்டிய மாடியெல்லாம் மஞ்சள். நடுவில் ஒரே ஒரு மூன்று மாடிக் கட்டடம் மட்டும் வெறும் தண்ணீர்த் தொட்டியோடு நின்றது. துணி இல்லை. துணி காயப்போடக் கயிறுகூட இல்லை.

"கட்ன நாள்லேர்ந்து அங்க ஒருத்தரும் தங்கல சார். இத பாக்க எதுக்குங்க தாளு?"

அப்போதுதான் அவள் மாடியைப் பார்த்தேன். ஆறு கயிறுகள் இழுத்துக் கட்டியிருந்தன, கிளிப்புகள்கூட மாட்டித் தயாராக. ஒரு துணியும் இல்லை.

பதிவு அலுவலகத்தில் சாட்சிகள் சொல்வது, வந்திருக்கும் ஆள் இவர்தான் என்பதை மட்டும்தான். நிலம் அவருடையதா, விலை நிஜமா, உள்ளே எழுதியது உண்மையா என்று அவர்கள் சொல்வதில்லை. வெளியே இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வதே இல்லை. பதிவாகிவிட்டது, எனவே எல்லாம் சரி என்று நினைப்பார்கள். பணிக்காலம் முழுவதும் எத்தனையோ பேருக்கு இந்த வேறுபாட்டை விளக்கி அலுத்திருக்கிறேன். கடைசியில் ஒரு கோப்பைப் பார்த்துவிட்டு விடுதிக்குச் சாட்சி சொன்னவன் நான். நான் அறிந்தது அவரிடம் ஒரு கோப்பு இருக்கிறது என்பதைத்தான்.

நேராக நண்பர் வீட்டுக்குப் போய், என் சாட்சியைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

"வாங்கலாம். ஆறாவது சரத்து உன் மேல பாயும்," என்றார்.

"பாயட்டும்."

"உன் மேல மட்டும் பாஞ்சா நானே அழுத்தியிருப்பேன். நீ சாட்சி போட்ட எழுவது வூடும் உன்னோட சேந்து கீழ போவும். ஜனங்க எல்லாம் உன் ஆளுங்கள மட்டும்தான கேளுன்னு வெச்சுகினு கீறாங்க. நீ போயிட்டா யார கேப்பாங்க? கிருத்திகைக்கு நாலு நாள் கீது."

"அந்த ஏற்பாட்ட நீயே மாத்திட முடியாதா?"

"யோவ், பொட்டி அவனவன் வூட்ல கீது. அவனவன் கையால மாத்தணும்." பிறகு சொன்னார்: "தலமை ஆபீஸ் இருந்திருந்தா ஒரு சுற்றறிக்கை வுட்டிருக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

ஆக, வீடு வீடாகப் போனேன். என்னை நம்புவதை நிறுத்துங்கள் என்று கேட்கப் போனேன். பக்கத்தில் யாரைத் தெரியுமோ அவர்களை நம்புங்கள், சாட்சி சொன்னால் உங்கள் கண்ணால் கண்டதை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள், சான்றிதழ் வேண்டாம். இதுதான் புதிய விதி. இரண்டு சாட்சியும் ஆறாவது சரத்தும் நிற்க, மற்றதெல்லாம் போய் இது ஒன்று வந்தது. நண்பர் அதற்கும் பொட்டியை மாற்றிவிட்டார்.

இலைக்கட்டு விற்பவர் காபி கொண்டுவரச் சொன்னார். "உங்கள எப்படிங்க நம்பாம இருக்கறது?"

"நான் ஒரு போலிக்கு சாட்சி போட்டேன்."

"யாருக்குங்க தப்பு வர்றதில்ல? மொதல்ல காபி சாப்புடுங்க."

"காபி அப்பறம். பொட்டிய எடுங்க."

"நீங்க போனப்பறம் மாத்திடறேங்க."

மாற்றமாட்டார் என்று எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே என்னை நம்பவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நான் போன பின் மறந்துவிடுவார். டீக்கடையில் நான் கண்ட அதே நோய்தான், இப்போது எனக்கு உபசாரமாகத் திரும்பி வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் விரல் அழுத்தும் வரை எழுந்திருக்கவில்லை. இப்படி ஒவ்வொரு வீட்டிலும். தேவாலயத்துக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கும் அம்மாள், "உங்கள மன்னிச்சுட்டோம் சார்," என்றார்.

"மன்னிக்க வேணாம்மா. நம்பாம இருந்தா போதும்."

டீக்கடைக்காரர் மட்டும் தயங்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் மாற்றிவிட்டார். "அந்த ஆளு மேல எனக்கு அப்பவே டவுட்டு சார். டீயில பாதிய கீழ ஊத்திட்டுப் போவான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சாட்சி போட்டீங்களே. சொன்னா உங்களுக்கு கஷ்டமா இருக்குமேன்னுதான்."

இரண்டு நாளில் தொண்ணூறு வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கினேன். காபி எத்தனை என்று மருத்துவரிடம் சொல்லவில்லை. கிருத்திகைக்கு முந்தின நாள் மதியம் என் சாட்சியைத் திரும்பப் பெற்றேன். விடுதியும், பூக்கடையும், வேன் சர்வீசும், இரண்டு தங்குமிடமும் ஒரு நொடியில் ஊரின் காதிலிருந்து விழுந்தன. நானும் விழுந்தேன். மெஸ் நடத்தும் பெண்மணிக்குப் பால்காரரும் முடி இறக்குபவரும் பூக்காரியும் முன்பே சாட்சி சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கும் என் சாட்சி இல்லாததால், கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. பால்காரர் எழுதியிருந்தது: ஆடியில் தினமும் காலை இங்கே கூடுதலாகப் பத்து லிட்டர் ஊற்றுகிறேன். எந்த அரசாங்கமும் இப்படி ஒரு சான்று தந்ததில்லை. டீக்கடைக்காரரும் தன் பழைய சாட்சிகளை எல்லாம் திருத்தி எழுதினார். எல்லாமே ஒரே வரி: எங்க கடையில டீ குடிச்சார். ரூம் தேடுகிறவருக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

ஆடிக் கிருத்திகை அன்று காலை, மலைப்பாதை முழுக்கப் புஷ்பக் காவடிகள் ஏறிக்கொண்டிருந்தபோது, நான் மறுபடி அந்த மாடிக்கு ஏறினேன். ஆறு கயிற்றிலும் இடமில்லை. சித்தூர்க் குடும்பத்தின் நான்கு மஞ்சள் துணிகள் கைப்பிடிச் சுவரில் கிடந்தன. அவளுடைய பாவா அங்கே வந்திருந்தார். சாவி வாங்க வந்தவர், கயிறுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அவர் வண்டிச் சாவியில், அந்த வீட்டுமனைகளை விற்கும் கம்பெனியின் விளம்பரத் தகடு தொங்கியது. இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் சாவியில் அது தொங்குகிறது, ஆதாரமாகாது. குறித்து வைத்துக்கொண்டேன்.

கீழே அவள் ஒரு கையில் கரண்டியோடு மூன்று பந்திக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து, கைப்பேசி வழியாக என் பொட்டியில் எழுதினேன்: இன்று காலை இந்த மாடியில் ஆறு கயிறு நிறைய ஈர மஞ்சள் துணி கண்டேன். தொட்டுப் பார்த்தேன். தொட்டுப் பார்த்ததை எழுதக் காரணம் உண்டு. அடுத்த வருடம் அந்த மூன்று மாடிக் கட்டடத்திலும் கயிறு கட்டி மஞ்சள் துணி தொங்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஈரம் இருக்காது.

என் எழுத்து இப்போது எவர் காதிலும் விழாது என்று தெரிந்துதான் எழுதினேன். கூட்டம் குறைந்ததும் அவள் வந்தாள்.

"உங்களுக்கு சாட்சி ரெண்டு வேணுமாமே சார். ஒண்ணு நா போடட்டுமா?"

"என்னப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்? கண்ணால பாத்தத மட்டும்தான் எழுதணும்."

"பாத்ததுதான் எழுதுவேன்."

கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். நான் வீட்டுக்கு வந்துதான் படித்தேன். எங்க மாடிக்கு ரெண்டு வாட்டி ஏறி வந்தார், ரொம்ப மூச்சு வாங்கிச்சு என்று இருந்தது.

இரண்டாவது சாட்சி இன்னும் கிடைக்கவில்லை. நண்பரைக் கேட்டேன்; யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். டீக்கடைக்காரர் இரண்டு முறை தானாகவே முன்வந்தார். அவரிடம்தான் வேண்டாம் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.